அறுபத்து மூன்றாம் படம்

ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு என் ஃபோனுக்கு மூன்று வரியில் ஒரு செய்தி வரும். எட்டு டிஸ்க்கும் நலம். பிழை எதுவும் இல்லை. பிரதி எடுத்தாயிற்று. மாடி அறையில் ஓடிக்கொண்டிருக்கும் என் சர்வர் அனுப்புவது. அதைப் படித்த பிறகுதான் படுக்கையை விட்டு எழுவேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாராவது கவனிக்க வேண்டுமே என்று என் மனைவி ரெத்னோவின் ஃபோனுக்கும் அதே செய்தி போகும்படி செய்திருந்தேன். அவள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"பக்கத்துல படுத்திருக்கவ உசுரோட இருக்காளான்னு ஒரு நாள் பாத்ததுண்டா? அந்தத் தகரப் பெட்டிக்கு மட்டும் தெனமும் நாடி பிடிச்சுப் பாக்கணும்" என்று அவள் சொல்லாத வாரம் கிடையாது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். காலையிலேயே அதைச் செலவழிக்க வேண்டாம் என்று விட்டுவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமையும் மூன்று வரிகள் ஒழுங்காகத்தான் வந்தன. கீழே இறங்கிப் போனேன். ரெத்னோ வாழைப்பழத்தை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"பாக்னே, யாசின் புத்தகத்துக்குப் படம் குடுக்கணும். திங்கக்கெழமைக்குள்ள குடுத்தாத்தான் நூறு புத்தகமும் நேரத்துக்கு முடியும்னு அச்சாபீஸ் அம்மா சொல்லிட்டாங்க."

பாக்னே என்றால் பிள்ளையின் அப்பா. ஜாவாவில் பிள்ளை பிறந்ததும் பெண்டாட்டி புருஷனை அப்படிக் கூப்பிட ஆரம்பிப்பாள். அதுவரை என்னை மாஸ் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ரெத்னோ, கினாசி பிறந்த அன்றே மாற்றிக்கொண்டாள். கினாசி எங்களோடு அறுபத்திரண்டு நாள் இருந்தாள். அவள் போன பிறகும் ரெத்னோ அந்தப் பேரை மாற்றவில்லை. எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

கினாசியின் ஆயிரமாவது நாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அன்று உறவும் தெருவும் கூடி உட்கார்ந்து குர்ஆனின் யாசின் அத்தியாயத்தை ஓதுவார்கள். ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கையில் கொடுப்போம். அதன் அட்டையில் நீள்வட்டத்துக்குள் இறந்தவரின் படம் இருக்கும். ஓதி முடித்து அவரவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படிப் பத்து முகமாவது இருக்கும். பாவமே அறியாத பச்சைக் குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ரெத்னோ கேட்கவில்லை.

"நாப்பதுக்கும் செய்யல, நூறுக்கும் செய்யல. அப்ப எனக்கு எந்திரிக்கவே முடியல. இதையாவது செய்வேன். அவ மொகத்தை ஒருத்தரும் பாக்கல பாக்னே. நாலு பேர் வீட்டு அலமாரியில அவ இருக்கட்டும்."

இப்போது அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாப்பத்தொண்ணாவது நாள் படம். ரெண்டு கண்ணையும் தொறந்து பாத்தாளே, அது. அதைக் குடுங்க. மத்ததை எல்லாம் அன்னிக்கு ஓதி முடிச்சதும் ஒக்காந்து பாக்கறேன். எல்லாம் இருக்குல்ல?"

"ஒண்ணுக்கு மூணு எடத்துல பத்திரமா இருக்கு" என்றேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன். இதைக்கூடச் சந்தேகப்படுவாளா என்று இருந்தது.

மூன்று இடம் என்று சொன்னது பொய்யில்லை. மாடியில் பெரிய சர்வர். சமையலறைப் படிக்கட்டுக்குக் கீழே, வாரம் ஒரு முறை அதை அப்படியே நகலெடுக்கும் இன்னொரு மெஷின். தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் மாலாங்கில், என் சிநேகிதன் தேஜோவின் மூக்குக் கண்ணாடிக் கடையில் மூன்றாவது பிரதி. வீடு தீப்பிடித்தாலும் சுரபாயாவே கடலுக்குள் போனாலும் என் ஃபைல்கள் போகாது. நான் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிறவன். அறுந்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தே வாழ்கிறவன். வீட்டிலேயே சர்வர் வைத்திருப்பவர்களுக்கான எங்கள் டிஸ்க் குரூப்பில் இருநூறு பேர் என்னை சுஹு என்று கூப்பிடுவார்கள், குரு என்று அர்த்தம். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று இப்போது சொல்லவே கூசுகிறது.

கினாசி ஏழாம் மாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மாவை மட்டும் தினம் பதினோரு மணிக்குக் கால் மணி நேரம் உள்ளே விடுவார்கள். தரையில் ஒரு மஞ்சள் கோடு ஒட்டியிருக்கும். அதைத் தாண்டக் கூடாது. ரெத்னோ அந்தக் கோட்டின் மேல் நின்று தினம் ஒரு படம் எடுப்பாள். அதே இடம், அதே பெட்டி, அதே குழல் விளக்கு, கட்டம் போட்ட அதே துணி. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருக்கும் எனக்கு அதைக் காட்டுவாள். என் மகள் எப்படி இருந்தாள் என்று கேட்டால், அவளை நான் அந்த ஃபோனில்தான் பார்த்தேன். பெட்டிக்கு வெளியே ஒரே ஒரு முறைதான் கையில் வாங்கினேன், அப்போது அவள் உடம்பில் சூடு இல்லை.

முடியாமல் இருக்கும் குழந்தையின் படத்தை ஊருக்கு அனுப்பக் கூடாது, ஆகாது என்று என் பெரியம்மா சொன்னதால் ரெத்னோ யாருக்கும் ஒரு படம்கூட அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியிலேயே படங்களை அச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறேன் என்றாள். பேப்பர் மங்கிப்போகும் என்று தடுத்தவன் நான். ஃபோன் தானாக எங்கேயோ ஏதோ ஒரு கம்பெனியின் சர்வருக்குப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தது. என் பிள்ளை படம் ஊரான் மெஷினில் எதற்கு என்று அதை நிறுத்தி, அங்கிருந்ததையும் அழித்தவன் நான். எல்லாவற்றையும் என் சர்வருக்கு மாற்றிவிட்டு ஃபோனைத் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தவனும் நான்தான்.

மொத்தம் அறுபத்து மூன்று படங்கள். கினாசி அறுபத்திரண்டாம் நாள் சாயங்காலம் போனாள். மறுநாள் காலை அவள் துணிகளை வாங்கிவரப் போன ரெத்னோ, பதினோரு மணிக்குக் கால்கள் தாமாக அந்த மஞ்சள் கோட்டில் போய் நின்றுவிட, காலியாக இருந்த பெட்டியை ஒரு படம் எடுத்துவிட்டாள். ஏழாம் நாள் ஓதல் முடிந்ததும் மாடிக்கு வந்து, "அந்தக் கடைசிப் படத்தை அழிச்சிடுங்க" என்றாள்.

"எதையும் அழிக்கற பழக்கம் எனக்குக் கெடையாது. உன் கண்ணுல படாம வச்சுக்கறேன்."

"கண்ணுல படறதுக்காகச் சொல்லல. அது இருக்கக் கூடாது."

"இன்னிக்கு வேண்டாம்னு சொல்லுவ. பத்து வருஷம் கழிச்சு அழுதுகிட்டு வந்து கேப்ப. அப்ப நான் எங்க போவேன்?"

அவள் கீழே போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த ஃபோல்டரை நான் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. முடியவில்லை. திறந்து பார்க்காமலே உள்ளே எல்லாம் பத்திரம் என்று தெரிந்துகொள்ளத்தானே இத்தனை மெஷின் வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கினாசி போன பிறகு என் சேமிப்பு கன்னாபின்னாவென்று பெருத்தது. கிடைத்ததையெல்லாம் இறக்கினேன். நான் ஒரு நாளும் பார்க்காத மோட்டார் சைக்கிள் பந்தயம் மட்டும் நாலு டெராபைட். பழைய வாயாங் கூத்துப் பதிவுகள், கப்பல் வரைபடங்கள், யார் யாரோ கல்யாண வீடியோக்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்காக ஏதாவது ஒரு ஃபைலை மாலாங்கிலிருந்து திரும்ப வரவழைத்துப் பார்ப்பேன். போன தடவை ஒரு பந்தயம் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தது. குரூப்பில் போட்டேன், எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை, வறுத்த வாழைப்பழம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கினாசியின் ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு படம் இருந்தது.

தவறான இடத்தைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தேன். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். ஒன்றுதான். பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி, குழல் விளக்கு, நீவி மடிப்பு எடுத்த கட்டம் போட்ட துணி. நடுவில் யாரும் இல்லை.

எப்படி என்று புரிய எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் கொடுமை. வேறொருவனாக இருந்தால் பேய், பிசாசு, திருடன் என்று ஒரு நாளாவது தேடியிருப்பான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மார்ச் மாதத்தில் இடம் நிறைந்துவிட்டதென்று ஒரு துப்புரவு செய்தேன். ஒரே மாதிரி இருக்கும் படங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பதில் பெரிய ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறியும் ஒரு புரோகிராம். முதல் இருநூறு கூட்டங்களை நானே கண்ணால் சரிபார்த்தேன். எல்லாம் என் தங்கை உதட்டைக் குவித்துக்கொண்டு எடுத்த படங்களும், ஒரே தட்டு ராவோன் கறிக்குழம்பை ஒன்பது முறை எடுத்ததும்தான். சிரித்துக்கொண்டே, மீதி பதினோராயிரம் கூட்டங்களுக்கும் சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்தினேன். முந்நூறு ஜிகாபைட் மிச்சம் என்று வந்தது. அதையும் குரூப்பில் போட்டேன்.

அந்தப் புரோகிராமின் கண்ணுக்கு என் மகளின் அறுபத்திரண்டு நாளும் ஒரே நாள். பெட்டிதான் பெரிது, அவள் ஒரு கையளவு. அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படம் அதற்கு ஒன்றுதான். கடைசிப் படத்தில் எதுவும் அசையவில்லை. துணியின் கட்டமெல்லாம் துல்லியமாக விழுந்திருந்தது. அதனால் அந்த ஃபைல்தான் எல்லாவற்றையும் விடப் பெரியது. அதை வைத்துக்கொண்டு என் மகளை எறிந்துவிட்டது. அறுபத்திரண்டு படமும் சேர்ந்தால் இருநூறு மெகாபைட்கூட வராது. ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் விளம்பர இடைவேளை அதைவிடப் பெரிது.

அழித்ததைத் திரும்ப எடுக்க எனக்குத் தொண்ணூறு நாள் கெடு உண்டு. அது எட்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்து ஜூனில் முடிந்துபோயிருந்தது. அந்த இடத்தின் மேல் பந்தயங்களை எழுதி நிரப்பியும் ஆயிற்று. படிக்கட்டுக்குக் கீழே இருந்த மெஷினைப் பார்த்தேன். நான் மாடியில் அழித்ததை அதுவும் அதே வாரம் சொன்னபடி அழித்திருந்தது. அங்கேயும் காலிப் பெட்டிதான் இருந்தது.

மிச்சம் இருந்தது மாலாங். தேஜோவிடம் இரண்டு டிஸ்க். ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், ஒன்றில் நீலம். ஒன்று மெஷினில் சொருகியிருக்கும், ஒன்று ட்ராயரில் தூங்கும். மாதம் முதல் தேதி அவன் கையால் மாற்றிப் போட வேண்டும். எது இருந்தாலும் என் சர்வருக்கு வித்தியாசம் தெரியாது, இருப்பதில் எழுதும், மாடியில் அழித்ததை அதிலும் அழித்துவிடும். தேஜோ உலக மகா சோம்பேறி. மாற்றிப் போட மறந்துவிடுவான். மார்ச்சிலிருந்து மறந்திருந்தால், ட்ராயரில் தூங்குவதில் கினாசி இருப்பாள். உடனே ஃபோன் செய்தேன்.

"தேஜோ, ட்ராயர்ல இருக்கற டிஸ்க்கைத் தொடாத. மெஷின்ல சொருகாத. பக்கத்துலயே போகாத. நாளைக்குக் காலைல நான் வர்றேன்."

"என்ன சுஹு, வெடிகுண்டா வச்சிருக்கீங்க?"

"வாயை மூடிட்டு நான் சொன்னதைச் செய்."

ரெத்னோவிடம் படத்தைக் கொஞ்சம் சுத்தம் செய்து தருகிறேன் என்று சொன்னேன். ஞாயிறு முதல் ரயிலில் ஏறினேன். வழியெல்லாம் ஒரே ஒரு வேண்டுதல்தான். ஆண்டவனே, அவன் மறந்திருக்கட்டும். அவன் சோம்பேறியாகவே இருந்திருக்கட்டும். காய்ச்சலில் படுத்திருக்கட்டும், காதலில் விழுந்திருக்கட்டும், எப்படியாவது அந்த ட்ராயரைத் திறக்காமல் இருந்திருக்கட்டும். எதிர் சீட்டில் ஒரு அம்மாள் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள்.

தேஜோ கடை ஷட்டரைப் பாதி ஏற்றிவைத்துக் காத்திருந்தான். உள்ளே போனதும் முகம் மலர, "இப்பப் பாருங்க சுஹு, நம்ம ஏற்பாட்டை" என்று ட்ராயரை இழுத்தான். டிஸ்க்கைத் துணி உறையில் போட்டு வைத்திருந்தான். ட்ராயரின் உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்ட பட்டியல். ஜனவரி ஒன்று, சிவப்பு, தேஜோ. பிப்ரவரி ஒன்று, நீலம், தேஜோ. மார்ச், ஏப்ரல், மே. நவம்பர் ஒன்று வரை ஒவ்வொரு வரியிலும் அவன் கையெழுத்து இருந்தது.

"ஒரு மாசம்கூட விடலையா?" என்றேன்.

"விடுவேனா? போன வருஷம் என் டிஸ்க்ல தூசி படிஞ்சிருந்ததைப் படம் எடுத்து, கண்ணாடி விக்கறவனுக்கே கண்ணு தெரியலன்னு குரூப்ல போட்டீங்களே. இருநூறு பேர் சிரிச்சாங்க. என் பொண்டாட்டி ஒரு வாரம் அதையே சொல்லிக் காட்டினா. அன்னிக்கு நெனச்சேன், இனிமே இந்த ஆளு வாயில விழக் கூடாதுன்னு. டெங்கு வந்து படுத்தப்பகூட பக்கத்துக் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்து மாத்தினேன். ஆகஸ்ட்ல கையெழுத்தைப் பாருங்க, நடுங்கியிருக்கும்."

பார்த்தேன். நடுங்கித்தான் இருந்தது.

இருந்தாலும் இரண்டு டிஸ்க்கையும் சொருகித் திறந்தேன். சிவப்பில் காலிப் பெட்டி. நீலத்தில் காலிப் பெட்டி. தேஜோ என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "இது என்ன சுஹு, மீன் தொட்டியா?" என்றான். சொன்னேன். அவன் அப்படியே கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "நான் மறந்தே இருந்திருக்கலாம்" என்றான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை ஒழுங்காக இருந்ததற்கு அவன் அழுதுகொண்டிருந்தான்.

திரும்பி வரும் ரயிலில் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது, இரும்பு மேல் யாருக்கும் அதிகாரம் இல்லை. ரெத்னோவுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது, நம்பிவிடுவாள். என்னால் என்று சொல்வதைவிட இரும்பால் என்று சொல்வது அவளுக்கும் நல்லதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் அவள் சாப்பாட்டு மேசையில் அட்டையின் மாதிரியை விரித்து வைத்திருந்தாள். வெளிர்பச்சை அட்டையில் தங்கக் கோட்டு நீள்வட்டம், கீழே கினாசியின் பெயர், பிறந்த தேதி, போன தேதி. நீள்வட்டத்தின் நடுவே அச்சாபீஸ் அம்மா பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? எங்க, காட்டுங்க."

"ரெத்னோ, டிஸ்க் போயிடுச்சு."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பதறவில்லை.

"எந்த டிஸ்க்? காலைல ஏழு மணிக்கு எனக்கும்தான் வந்துச்சு. எட்டும் நலம், பிழை எதுவும் இல்லன்னுதானே போட்டிருந்துச்சு?"

நான் அந்தப் பென்சில் கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் தெனமும் படிப்பேன் பாக்னே. உங்க மெஷினுக்காக இல்ல. அவ நல்லா இருக்கான்னு எனக்கு யாரோ சொல்ற மாதிரி இருக்கும்."

அதற்குப் பிறகு பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். புரோகிராம், பதினோராயிரம் கூட்டம், ஒரே அழுத்து, படிக்கட்டுக்குக் கீழே, மாலாங், தேஜோவின் பட்டியல். அவள் கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எது மிச்சம் இருக்கு?"

ஃபோனில் எடுத்துக் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கவில்லை, குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதை அழிங்கன்னுதானே நான் கெஞ்சினேன்" என்றாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். "மொத நாள் தொப்பி போடல. ரெண்டாம் நாள் நீலத் தொப்பி. மூணாம் நாள் வாய்ல குழாயை மாத்தியிருந்தாங்க. நாலாம் நாள் எடது கை மேல இருந்துச்சு, ஆட்டோவை நிறுத்தற மாதிரி, உங்களுக்குக் காட்டினேன், சிரிச்சீங்க. அஞ்சாம் நாள்..." ஒன்பது வரை வந்தாள். ஒன்பதாவது விரலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் ஒன்பதிலேயே நின்றாள். "ஒம்பதாம் நாள் என்ன? சொல்லுங்களேன். நீங்களும்தானே பாத்தீங்க?"

எனக்குத் தெரியவில்லை. எட்டாம் நாளும் தெரியவில்லை. ஆட்டோவை நிறுத்துவதுபோல் இருந்த கைகூட அவள் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அவளும் ஆயிரம் நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை நம்பி மறந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து மாடிக்குப் போனாள். கினாசி போன பிறகு இரண்டாவது தடவையாக அந்த அறைக்குள் வந்தாள். "எங்க அது? தொறங்க. இப்பவாவது அழிங்க."

"அது ஒண்ணுதான் ரெத்னோ இருக்கு."

"அதுல அவ இல்ல."

அவளே என்னைத் தாண்டிக் கையை நீட்டி அழுத்தினாள். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. மறுபடி அழுத்தினாள். ஃபோல்டர் வெறுமையானது. இன்னும் தொண்ணூறு நாளுக்கு அந்தப் படத்தை மட்டும் திரும்ப எடுக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவளே அச்சாபீஸுக்குப் போய்விட்டு வந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டில் பேச வேண்டியதைப் பேசினோம். தண்ணீர் மோட்டார், அரிசி, எத்தனை பேருக்குச் சாப்பாடு, கல்லறைக் கல் பதிக்கிறவர் எப்போது வருகிறார். அந்த மூன்று வாரமும் அவள் என்னைக் கூப்பிட நேரும்போது "இங்க பாருங்க" என்றாள். காலை ஏழு மணிக்கு இரண்டு ஃபோனும் ஒன்றாக அடிக்கும். அவள் தன்னுடையதை எடுத்துத் திருப்பிக் கவிழ்த்து வைப்பாள். அந்தச் செய்தியை நிறுத்திவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். நிறுத்தினால் அதைப்பற்றி அவளிடம் பேச வேண்டி வருமே என்று பயந்து விட்டுவிட்டேன்.

ஆயிரமாவது நாள் வந்தது. வீட்டு முன்னறையில் பாய் விரித்து எழுபது பேர் உட்கார்ந்து ஓதினார்கள். தேஜோ மாலாங்கிலிருந்து வந்து கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவர் கையிலும் வெளிர்பச்சைப் புத்தகம். அட்டையில் தங்கக் கோட்டு நீள்வட்டம் இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. அச்சாபீஸ் அம்மா போட்ட கேள்விக்குறியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஓதி முடித்து எல்லோரும் கால் நீட்டிப் பேச ஆரம்பித்தபோது, என் பெரியம்மா, புடே சுமி, மூக்குக் கண்ணாடியை மேலும் கீழும் ஏற்றி இறக்கி அட்டையைப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு உரக்கக் கேட்டாள்.

"ஏன்டி ரெத்னோ, அச்சுக்காரி படத்தைப் போட மறந்துட்டாளா? கொழந்தை மொகத்தைக் காணோமே. அன்னிக்குத்தான் அனுப்ப வேண்டாம்னு சொன்னேன், இன்னிக்காவது கண்ணுல காட்ட மாட்டீங்களா?"

ரெத்னோ தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"படமா? இருக்கு புடே. ஒண்ணுக்கு மூணு எடத்துல பத்திரமா இருக்கு. மாஸைக் கேளுங்க, காட்டுவாரு."

மாஸ் என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், கினாசி பிறக்கும்வரை, என்னைக் கூப்பிட்ட பேர். நான் கைநிறைய அப்பெம் பலகாரப் பெட்டிகளை அடுக்கிப் பிடித்தபடி அறை நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா என்னைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பாக, "எங்க, காட்டு பாப்போம்" என்று கையை நீட்டினாள்.